நானூறு பேர் போதுமா என்பது இரண்டாவது கேள்வி

சந்தை ஆய்வுக்கு விலை கேட்டு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "மதுரை, 400 சாம்பிள், பெண்கள், 25 முதல் 55 வயது." அந்த 400 பேரை எப்படிப் பிடிப்பது என்று இருக்காது. ஊர், எண்ணிக்கை, வயது மூன்றும் சொல்லியாயிற்று, சாம்பிள் முடிவாகிவிட்டது என்ற நினைப்பு ஆய்வை வாங்குபவரிடமும் உண்டு, விற்பவரிடமும் உண்டு. அந்த 400 பேரைத் தேர்ந்தெடுப்பது யார்? முன்கூட்டியே எழுதிவைத்த விதியா, வெயிலில் நிற்கும் பேட்டியாளரா, பதில் சொல்ல ஆசைப்பட்டுத் தானாக வந்தவரா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் முறைக்கு என்ன பெயர் வைத்தாலும் பரவாயில்லை. தெரியாவிட்டால் 4,000 பேரைப் பேட்டி எடுத்தும் பயனில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். பாக்கெட்டில் இட்லி தோசை மாவு விற்கும் ஒரு நிறுவனம், மதுரை மாநகராட்சிக்குள் ஆய்வு செய்ய நினைக்கிறது. நிறுவனம் கற்பனை. களத்தில் வரும் சிக்கல்கள் எல்லாம் நிஜம்.

முதலில் கேட்க வேண்டியது, ஆய்வு முடிந்ததும் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பது. "மதுரையில் எத்தனை சதவீத வீடுகள் பாக்கெட் மாவு வாங்குகின்றன, இரண்டாவது ஆலை போடலாமா" என்றால் அவர்களுக்கு வேண்டியது ஓர் எண். அதற்கு நிகழ்தகவு முறை (ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும் முறை) வேண்டும், குறுக்கு வழி கிடையாது. "புதிய பாக்கெட்டா, பழைய பாக்கெட்டா" என்றால் வேண்டியது ஒப்பீடு. அங்கே ஆட்களை எங்கிருந்து எடுத்தோம் என்பதைவிட, யாருக்கு எந்தப் பாக்கெட் என்று எப்படிப் பிரித்தோம் என்பது முக்கியம். "வீட்டில் கிரைண்டர் இருந்தும் ஏன் கடையில் வாங்குகிறார்கள்" என்றால் வேண்டியது விளக்கம். அதற்கு இருபது நீண்ட பேட்டிகளோ நான்கு குழு உரையாடல்களோ போதும். ஆட்களை வேண்டுமென்றே வகைவகையாகப் பொறுக்கலாம். அதில் சதவீதம் போடக்கூடாது. எட்டுப் பேரில் ஐந்து பேர் சொன்னதை 62.5 சதவீதம் என்று வண்ணப் படத்தோடு அறிக்கையில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எண் வேண்டுமென்றால்

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வேண்டும். மதுரையின் எல்லா வீடுகளையும் கொண்ட பட்டியல் நம் கையில் கிடைக்காது. கிடைப்பவற்றில் பயன்படுவது வாக்காளர் பட்டியல். வாக்குச்சாவடிவாரியாகப் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும், கதவு எண், வயது, பாலினம் இருக்கும், பொதுவெளியில் கிடைக்கும். குறை என்னவென்றால், ராமநாதபுரத்திலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து மதுரையில் வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கும். மாணவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் விடுபடுவார்கள். இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் கிடக்கும். பாக்கெட் மாவு அதிகம் வாங்குகிறவர்கள் இந்த வாடகைக் குடித்தனக்காரர்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் பட்டியலில் உள்ள ஆளை நேரடியாகத் தேடிப் போகாதீர்கள். பகுதியைத் தேர்ந்தெடுக்கவும், அந்தப் பகுதியில் எந்த வீட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யவும் மட்டும் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அதன்பின் தெருவில் இருக்கும் வீடுதான் கணக்கு.

பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வேலை எக்செல்லில் அரை நாளில் முடியும். பட்டியல் சட்டமன்றத் தொகுதிவாரியாக இருக்கும். மாநகராட்சி எல்லை அதோடு ஒட்டாது. மதுரை கிழக்கு, திருப்பரங்குன்றம் தொகுதிகளின் ஒரு பகுதிதான் மாநகராட்சிக்குள் வருகிறது. எனவே கிராமப் பாகங்களை முதலில் நீக்க வேண்டும். மிஞ்சிய பாகங்களை 100 வார்டுகளின் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் எதிரிலும் வாக்காளர் எண்ணிக்கையையும், அடுத்த நிரலில் கூட்டிக்கொண்டே வரும் மொத்தத்தையும் போடுங்கள். கணக்குக்காக மொத்தம் 12,00,000 என்று வைத்துக்கொள்வோம். நமக்கு 40 பகுதிகள் வேண்டும். வகுத்தால் இடைவெளி 30,000. 1 முதல் 30,000 வரை ஒரு சமவாய்ப்பு எண் (குலுக்கலில் வருவதுபோல் வரும் எண்) எடுக்கிறோம், 17,342 வருகிறது. கூட்டுத்தொகை நிரலில் 17,342 எந்தப் பாகத்துக்குள் விழுகிறதோ அது முதல் பகுதி. அடுத்தது 47,342, அதற்கடுத்தது 77,342. இப்படியே நாற்பதும் வந்துவிடும். வார்டு வரிசையில் அடுக்கியதால் நகரம் முழுவதும் தானாகப் பரவிவிடும், தனியாக மண்டலம் பிரிக்க வேண்டியதில்லை.

பெரிய பாகத்துக்குத் தேர்வாகும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே போனபின் எல்லாப் பாகத்திலும் பத்துப் பத்து வீடுதான் எடுக்கிறோம். பெரிய பாகத்தில் ஒரு வீட்டுக்கு உள்ளே கிடைக்கும் வாய்ப்பு குறைவு, சிறியதில் அதிகம். இரண்டையும் பெருக்கினால் எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு கிடைக்கும். ஒவ்வொரு வார்டிலும் நான்கு வீடு என்று பிரிப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நெருக்கமான வார்டுகளின் குரல் அமுங்கும், ஓரத்து வார்டுகளின் குரல் ஓங்கும்.

நாற்பது பகுதி, தலா பத்து வீடு எதற்கு? இருபது பகுதி, தலா இருபது வீடு என்றால் செலவு குறையுமே என்று கட்டாயம் கேட்பார்கள். குறையும். ஆனால் ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். மாவு விஷயத்தில் இன்னும் அதிகம்: முனைக்கடையில் ஓர் அம்மா ஆட்டி விற்றால் தெருவே அவரிடம் வாங்கும், பாக்கெட் எடுபடாது. இந்த ஒற்றுமைக்கு ஓர் அளவு உண்டு. சற்று மிதமாக 0.05 என்று வைப்போம். ஒரு பகுதியில் எத்தனை பேட்டியோ அதில் ஒன்றைக் கழித்து, 0.05 ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வடிவமைப்பு விளைவு வரும்; தெருத்தெருவாக எடுப்பதால் எத்தனை மடங்கு ஆள் வேண்டியிருக்கிறது என்பதை அது காட்டும். இருபது வீடு எடுத்தால் 1.95. 400 ஐ அதனால் வகுத்தால் 205. நீங்கள் கூலி கொடுத்தது 400 பேட்டிக்கு, கையில் இருக்கும் தகவல் 205 பேருடையது. பத்து வீடு எடுத்தால் விளைவு 1.45, மிஞ்சுவது 276. ஐந்து வீடு, எண்பது பகுதி என்றால் 333.

பிழை வரம்பாக, அதாவது சாம்பிளில் வந்த சதவீதம் உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்று சொன்னால், 400 பேரை முழுச் சமவாய்ப்பில் எடுத்தால் கூட்டல் கழித்தல் 4.9 புள்ளி. எண்பது பகுதியில் 5.4, நாற்பதில் 5.9, இருபதில் 6.8. பாடப்புத்தகத்தில் 5 சதவீதப் பிழைக்கு 385 பேர் என்று ஒரு வாய்பாடு வரும். அது ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் எடுத்த 385 பேருக்கானது. தெருத்தெருவாக எடுத்துவிட்டு அந்த எண்ணை அறிக்கையில் ஒட்டுவது நம் தொழிலில் சர்வ சாதாரணம், தவறும்கூட. பயணச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பகுதிக்கு எட்டு முதல் பத்து வீடு என்பதுதான் என் கணக்கில் கட்டுப்படியாகிற இடம். இரண்டு பேட்டியாளர்கள் ஒரு நாளில் ஒரு பகுதியை முடித்துவிடலாம்.

இனி தெருவுக்கு வருவோம். கோயில், பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை என்று அடையாள இடத்திலிருந்து தொடங்கச் சொல்வது வழக்கம். அப்படித் தொடங்கினால் பிரதான சாலை வீடுகளே திரும்பத் திரும்ப வரும். அந்தப் பாகத்தின் பட்டியலில் ஒரு வரிசை எண்ணைச் சமவாய்ப்பில் எடுத்து, அந்தக் கதவு எண்ணிலிருந்து தொடங்குவது மேல். அதன்பின் வலக்கை விதி: சுவரை வலப்பக்கம் வைத்துக்கொண்டே நடப்பது, ஒவ்வொரு பேட்டிக்குப் பிறகும் மூன்று வீடு விட்டு நான்காவது.

விதி எளிது. மாடிப்படி வந்தவுடன் அது உடையும். மாசி வீதிகள், அவற்றை ஒட்டிய சந்துகள் பக்கம் போனால் தரைத்தளம் முழுக்கக் கடை. குடும்பங்கள் மேலேயும் பின்னாலும் இருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு கதவு, உள்ளே போனால் நான்கு குடித்தனம். பேட்டியாளர் மாடி ஏற மாட்டார். ஏறச் சொல்லி எழுதிக் கொடுக்காவிட்டால் ஏற வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. அதனால் அறிவுறுத்தல் தாளில் இப்படி எழுத வேண்டும்: "ஓர் அடுப்பு ஒரு வீடு. ஒரு கட்டடத்தில் பல அடுப்பு இருந்தால் தரைத்தளத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு தளத்திலும் வலமிருந்து எண்ணவும். கடை, அலுவலகம், விடுதி எண்ணிக்கையில் சேராது." இந்த மூன்று வரி இல்லாத ஆய்வில் வாடகைக்கு மாடியில் இருக்கும் இளம் குடும்பங்கள் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

பூட்டிய வீடு இன்னொரு தலைவலி. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போ என்று விட்டால், காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர்களின் ஆய்வாக அது முடியும். வேலைக்குப் போகும் பெண்கள்தான் பாக்கெட் மாவின் முதல் வாடிக்கையாளர்கள், அவர்களைத்தான் தொலைக்கிறோம். மூன்று முறை போக வேண்டும், வெவ்வேறு வேளையில், அதில் ஒன்று ஞாயிறாகவோ மாலை ஆறுக்குப் பிறகோ இருக்க வேண்டும். மூன்றும் பலிக்காவிட்டால்தான் மாற்று வீடு, அதையும் மேற்பார்வையாளர்தான் சொல்ல வேண்டும். தட்டிய ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரி எழுதுவது கட்டாயம்: முடிந்தது, மறுப்பு, பூட்டு, தகுதியில்லை, கடை. பத்துப் பேட்டிக்குப் பத்தே வரியோடு ஒரு தாள் திரும்பி வந்தால் அந்தப் பகுதியை மறுபடி செய்யச் சொல்லிவிடலாம். எந்தத் தெருவிலும் பத்துக்குப் பத்து கிடைக்காது.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது? மாவு வாங்குவது யார் முடிவோ அவரிடம். இங்கே வேலை சுலபம். அதுவே செல்போன், டீ, சோப்பு போன்ற தனிநபர் விஷயமாக இருந்தால் கதவைத் திறந்தவரிடம் கேட்கக்கூடாது. வீட்டில் தகுதியுள்ள எல்லோரையும் வயது இறங்குவரிசையில் எழுதி, கேள்வித்தாள் எண்ணை வைத்து ஒருவரைக் காட்டும் கிஷ் கட்டம் 1949 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அலுப்பானது, ஆனால் நம்பலாம். அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கும் எளிய வழி நம் ஊர்ப் பெரியவர்களிடம் சரிவராது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியில் பிறந்தவர்கள் ஏராளம். ஒருவரை மட்டும் எடுத்தால், வீட்டில் தகுதியுள்ளோர் எத்தனை பேரோ அந்த எண்ணை எடையாகப் போட, அதாவது அவர் பதிலை அத்தனை முறை எண்ண, மறக்கக்கூடாது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்புதான் இருந்தது.

நாட்களையும் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்கும் ஆய்வு அமாவாசைக்கு மறுநாள் நடந்தால் மாவு விற்பனை எகிறும், பல வீடுகளில் அன்று இரவு பலகாரம்தான். ஒவ்வொரு பகுதிக்கும் கிழமையை முன்கூட்டியே சமவாய்ப்பில் ஒதுக்குங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் களத்தில் இறங்கவே வேண்டாம்.

பேட்டியாளர்களை நம்பலாமா என்பதற்குப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தின் சணல் பயிர் ஆய்வுகளில் கையாண்ட உத்தி இன்றும் உதவும். நாற்பது பகுதிகளையும் சமவாய்ப்பில் இருபது இருபதாகப் பிரித்து இரண்டு அணிகளிடம் கொடுங்கள். இரண்டும் ஒரே நகரத்தின் சாம்பிள். ஓர் அணியில் பாக்கெட் மாவு 40 சதவீதம், இன்னொன்றில் 22 என்று வந்தால் தற்செயலை மட்டும் காரணம் காட்டித் தப்ப முடியாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கேட்கும் விதத்தை. கூடுதல் செலவே இல்லாத சோதனை இது, ஏனோ யாரும் செய்வதில்லை.

கோட்டா

மேலே சொன்னதெல்லாம் செலவு, நேரம். அதனால்தான் நம் ஊர் ஆய்வுகளில் பெரும்பகுதி கோட்டாவில் ஓடுகிறது. இந்த வயதில் இத்தனை பேர், இந்தப் பொருளாதார வகுப்பில் இத்தனை பேர் என்று கட்டம் போட்டுக் கொடுத்தால் பேட்டியாளர் நிரப்பிக்கொண்டு வருவார். பல வேலைகளுக்கு இது போதும். விளம்பரம் புரிகிறதா, விலை அதிகமாகத் தோன்றுகிறதா, இரண்டு பிராண்டில் எது பரிச்சயம் என்பதற்கெல்லாம் கோட்டாவை நான் தயங்காமல் சொல்வேன். சந்தை அளவு கணக்கிட மட்டும் கூடாது.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை இரண்டு தவணையாகப் படித்தார்கள். 1936 அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். இதழ் எடுத்தது தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் பட்டியல், அதிலும் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் மட்டும். அன்று மிகச் சிறிய கோட்டா சாம்பிளோடு சரியாகச் சொன்ன கருத்துக்கணிப்பாளர் காலப், 1948 தேர்தலில் அதே கோட்டாவோடு டூயி வெல்வார் என்றார்; வென்றது ட்ரூமன். கடைசி வாரங்களில் கணிப்பை நிறுத்தியதும் ஒரு காரணம், பேட்டியாளர் தனக்கு வசதியானவர்களைப் பொறுக்கியதும் ஒரு காரணம்.

கோட்டா போடும்போது கட்டங்களைக் குறுக்காகக் கோர்க்க வேண்டும். வயதுக்குத் தனி, வகுப்புக்குத் தனி என்று விட்டால் இரண்டு மொத்தமும் சரியாக இருக்கும், ஆனால் வசதியானவர்கள் எல்லாம் இளையவர்களாகவும் வசதி குறைந்தவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்களாகவும் வந்து நிற்கும். அதற்காக எல்லாவற்றையும் கோர்க்கவும் முடியாது. மூன்று வயது, மூன்று வகுப்பு, வேலைக்குப் போகிறார் போகவில்லை என்றாலே பதினெட்டு கட்டம். இன்னும் இரண்டு பிராண்டு சேர்ந்தால் முப்பத்தாறு. கடைசி நான்கைந்து கட்டம் நிரம்பவே நிரம்பாது. களத்தின் கடைசி இரண்டு நாள் அதற்கே போகும், தில்லுமுல்லு நடப்பதும் அப்போதுதான். தேவைப்படும் கட்டம் 35 க்கு மேல் என்றால் 34 வயதுப் பெண் 35 ஆகிவிடுவார்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்த தரவில் வயதை ஒவ்வோர் ஆண்டாக வரைபடம் போடுங்கள். 30, 40, 45 போன்ற எண்களில் ஒரு குவியல் எப்போதும் இருக்கும், மக்கள் வயதை 0 அல்லது 5 இல் முடியும் எண்ணாகச் சொல்வார்கள். ஆனால் 25 இலும் 35 இலும் அதைவிடப் பெரிய மேடு, 24 இலும் 34 இலும் பள்ளம் என்றால் அது கோட்டா எல்லையின் கைவண்ணம். தடுக்க வேண்டுமானால் கட்டத்தின் எல்லையைப் பேட்டியாளருக்குக் காட்டாதீர்கள். பிறந்த ஆண்டை மட்டும் டேப்லெட்டில் பதியச் சொல்லுங்கள். தகுதியா இல்லையா என்பதை மென்பொருள் சொல்லட்டும்.

வகுப்பைப் பற்றி ஒரு சங்கதி. வீடுகளை வசதிப்படி வகைப்படுத்த 2011 முதல் புழங்கும் என்சிசிஎஸ் முறை, முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும் வீட்டில் இருக்கும் பதினொரு பொருட்களையும் வைத்து வகுப்பைக் கணக்கிடுகிறது. கலர் டிவியும் மடிக்கணினியும் அந்தப் பதினொன்றில் அடக்கம். தமிழ்நாட்டில் இவை இரண்டும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அரசே இலவசமாகக் கொடுத்தவை. பொருள் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, யார் காசு என்பதல்ல. எனவே இங்கே ஒரு வீடு ஒரு படி மேலே ஏறிவிடுவது சகஜம். வேறு மாநிலத்தோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள். இப்போது படிப்பையும் தொழிலையும் அடிப்படையாகக் கொண்ட ஐசெக் முறைக்குப் பலர் மாறிவருகிறார்கள். அதில் இந்தச் சிக்கல் இல்லை.

கோட்டாவுக்கான விகிதம் எங்கிருந்து? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அடுத்ததன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதுவரை வயது விகிதத்துக்கு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு ஓரளவு புதியது. 2011 இன் வயது விகிதத்தை அப்படியே எடுத்தால் இளையவர்கள் கூடுதலாக வருவார்கள், தமிழ்நாடு அவ்வளவு வேகமாக வயதாகிறது.

தேடினாலும் கிடைக்காதவர்கள்

"எங்கள் பிராண்டு வாங்குபவர்கள் 200 பேர் வேண்டும்." அந்த பிராண்டை 8 சதவீத வீடுகள் வாங்குகின்றன என்றால் 2,500 வீட்டில் பதில் கிடைத்தாக வேண்டும், மறுப்பும் பூட்டும் தனி. பணம் இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதலில் மூன்று கேள்வி, இரண்டு நிமிடம், 2,500 வீடு. அதில் தகுதியானவர்களிடம் நீண்ட பேட்டி. முதல் கட்டத்தின் எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை சதவீத வீடுகள் உங்கள் பிராண்டை வாங்குகின்றன என்பதை அதுதான் சொல்லும்.

பணம் இல்லாவிட்டால் கடை வாசல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தினமும் வாங்குபவர் 100 பேர், வாரம் ஒருமுறை வாங்குபவர் 100 பேர் இருக்கும் வட்டாரம் என்று வைப்போம். ஒரு நாள் முழுக்கக் கடை வாசலில் நின்றால் தினமும் வாங்குபவர் 100 பேரும் வருவார்கள். வாரம் ஒருமுறைக்காரர்களில் ஏறக்குறைய 14 பேர்தான் வருவார்கள். உங்கள் சாம்பிளில் தினமும் வாங்குபவர் 88 சதவீதம், உண்மையில் 50. "எங்கள் வாடிக்கையாளர்கள் எவ்வளவு விசுவாசமானவர்கள் பார்த்தீர்களா" என்று முதலாளி மகிழ்ந்துபோவார். மாதத்தில் எத்தனை முறை வாங்குகிறீர்கள் என்று கட்டாயம் கேட்டு, அந்த எண்ணால் ஒன்றை வகுத்து எடை போட்டால் இது சரியாகும். 30 முறை வாங்குபவருக்கு முப்பதில் ஒன்று, 4 முறை வாங்குபவருக்கு நான்கில் ஒன்று. அதோடு யாரை நிறுத்துவது என்பதும் விதியாக இருக்க வேண்டும்: கடையிலிருந்து வெளியே வரும் ஒவ்வோர் ஐந்தாவது ஆள், எண்ணுவது ஒருவர், பேசுவது இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் சிரித்த முகம்தான் எப்போதும் ஐந்தாவதாக வரும்.

மெஸ், தள்ளுவண்டி, சிறு டிபன் கடை போன்றவை மொத்தமாக மாவு வாங்குகின்றன. இவர்களுக்குப் பட்டியல் கிடையாது, ஜிஎஸ்டியிலும் சிக்க மாட்டார்கள். ஒருவர் இன்னொருவரைக் காட்டும் ஸ்னோபால் முறை எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரே மளிகை மண்டியில் வாங்குபவர்களையே அது சுற்றிச் சுற்றி வரும். வேறு வழியில்லை என்றால் வெவ்வேறு வட்டாரத்தில் குறைந்தது எட்டுப் பேரிடமிருந்து தொடங்கி, ஒருவர் இரண்டு பேருக்கு மேல் காட்டக்கூடாது என்று வரம்பு போடுங்கள். தேர்ந்தெடுத்த நாற்பது பகுதிகளிலும் மாலை நேரத்தில் நடந்து எல்லாக் கடையையும் எண்ணிப் பட்டியல் போடுவது இதைவிட நல்லது. நேரம் அதிகம், ஆனால் கணக்கு நிற்கும்.

ஒப்பீடு என்றால்

இரண்டு பாக்கெட்டை ஒப்பிட ஒரு மண்டபம், வழியில் போகிறவர்களை அழைத்து வரும் ஆட்கள், கோட்டா. சாம்பிள் சமவாய்ப்பில் இல்லாவிட்டாலும் குடிமுழுகாது. யாருக்கு எந்தப் பாக்கெட் என்பது சமவாய்ப்பில் இருக்க வேண்டும். காலையில் பழையது, மதியம் புதியது என்று பிரிப்பது மாபெரும் தவறு, காலையில் வருபவர் வேறு, மதியம் வருபவர் வேறு. ஒருவரே இரண்டையும் பார்த்தால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள்.

எண்ணிக்கையில் மட்டும் ஏமாறக்கூடாது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 150 பேர் என்பது வழக்கமான அளவு. அதைக்கொண்டு 80 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் ஏறக்குறைய 16 புள்ளி. 50 க்கும் 60 க்கும் உள்ள பத்துப் புள்ளியைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 390 பேர் வேண்டும். "இரண்டும் ஒன்றுதான்" என்று வரும் பல அறிக்கைகளில் இரண்டும் ஒன்றல்ல, ஆள் போதவில்லை.

இதே கணக்கு உட்பிரிவுகளுக்கும் பொருந்தும். மேல்தட்டு 15 சதவீதம் என்றால் 400 இல் 60 பேர். அவர்களைத் தனியாகப் படித்தால், தெருவாரி விளைவைச் சேர்க்காமலே பிழை 13 புள்ளி. தனியாகப் படிக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்தால் இன்னொரு 60 பேரைக் கூடுதலாக எடுத்து, மொத்தக் கணக்கில் எடையைக் குறைத்துவிடலாம். 460 பேரில் இவர்கள் 120, எடை 0.575, மற்றவர்களுக்கு 1.15. எடையால் வரும் இழப்பு 6 சதவீதம்தான், தாராளமாகச் செய்யலாம். யாராவது ஒருவருக்கு எடை ஐந்தைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். அந்தக் கட்டத்தில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

இணையமும் தொலைபேசியும்

வாட்ஸாப்பில் சுற்றும் இணைப்பு ஆய்வு அல்ல, யார் அனுப்பினாரோ அவருடைய நட்பு வட்டத்தின் படம். கட்டணப் பேனல்கள் (ஆய்வுகளுக்குப் பதில் சொல்லப் பதிவுசெய்து வைத்திருப்பவர்களின் குழுக்கள்) அதைவிட மேல். ஆனால் அதில் இருப்பவர்கள் புள்ளிகளுக்காகப் பதில் சொல்வதையே பழக்கமாக வைத்திருப்பவர்கள். மொத்தப் பேரின் நடுமதிப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடித்தவர்களை நீக்குங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தைத் தொட்டவர்களையும் நீக்குங்கள். இல்லாத ஒரு மாவு பிராண்டின் பெயரைப் பட்டியலில் வைத்து, "போன வாரம் வாங்கினேன்" என்பவர்களையும் நீக்குங்கள். மிஞ்சியவர்களை வயது, பாலின விகிதத்துக்கு எடை போடலாம். பாக்கெட் மாவு, ஸ்மார்ட்போன், இணைய வணிகம் மூன்றுக்கும் ஒரே மாதிரி ஆட்கள் என்பதை எந்த எடையும் சரிசெய்யாது.

சமவாய்ப்பில் எண்களை உருவாக்கிக் கூப்பிடுவது இணையத்தைவிட நேர்மையான சாம்பிள். ஆனால் 2015 ஜூலையில் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் எடுத்துச்செல்ல அனுமதித்தபின், தொடக்க இலக்கங்களை வைத்து மாநிலத்தைக்கூடச் சொல்ல முடியாது. மதுரையில் வேலை செய்யும் பீகார்க்காரரிடம் பீகார் எண்தான் இருக்கும். தமிழ்நாட்டு எண்ணுக்கு அழைத்தால் எடுப்பவர் பெங்களூருவில் இருப்பார். முதல் கேள்வியே "இப்போது எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள்" என்று இருக்க வேண்டும். இரண்டாவது, "உங்களிடம் எத்தனை சிம்?" இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பும் இரண்டு மடங்கு, எடை பாதி.

அறிக்கையின் கடைசியில் சாம்பிள் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். அதில் எதை எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: "மதுரை மாநகராட்சி எல்லைக்குள் வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்ற நிகழ்தகவில் 40 வாக்குச்சாவடிப் பாகங்கள், ஒவ்வொன்றிலும் சமவாய்ப்பில் எடுத்த கதவு எண்ணிலிருந்து ஒவ்வொரு நான்காவது வீடு, ஒரு வீட்டுக்கு மூன்று முறை வரை வருகை, தட்டிய கதவுகள் இத்தனை, தகுதியானவை இத்தனை, முடிந்த பேட்டி இத்தனை, வடிவமைப்பு விளைவு சேர்த்த பிழை வரம்பு இத்தனை, நுழைய அனுமதி கிடைக்காத அடுக்குமாடிகள் இத்தனை, அவற்றில் வசிப்போர் இதில் இல்லை." கோட்டா ஆய்வாக இருந்தால் பிழை வரம்பு வரியை எடுத்துவிட்டு, எந்தக் கட்டம் நிரம்பவில்லை, அதை எப்படி நிரப்பினார்கள் என்று எழுத வேண்டும். விலை கேட்கும்போதே இந்தப் பத்தியைக் காலி இடங்களோடு அனுப்பி, நிரப்பித் தரும்படி ஏஜென்சியிடம் கேளுங்கள். பாதிப் பேர் விலையைத் திருத்தி அனுப்புவார்கள்.